கனூ ட்ரிப் பட்ஜெட்டில் விட்டுப்போன ஒரு வரி

மினியாபோலிஸ்ல ஆன்சைட்டில் இருக்கும் நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தர் போன வாரம் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருந்தார். "அண்ணா, மே மாசம் நாலு பேர் பவுண்டரி வாட்டர்ஸ் போறோம். பட்ஜெட் ஓகேவா?"

வியாழன் காலை ஏரியில் இறங்கணும். ஞாயிறு மதியம் வெளியே வந்து நாலு மணி நேரம் கார் ஓட்டணும். திங்கள் 9 மணிக்கு ஆபீஸ். மொத்தம் 2,100 டாலர். அதில் 1,700 டாலர் டென்ட், ஸ்லீப்பிங் பேக், பூட்ஸ், அடுப்பு வாங்க. எல்லாமே கிரெடிட் கார்டு.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். பொருளை வாடகைக்கு எடுங்க. மிச்சமாகும் காசில் ஒரு நாள் லீவை வாங்குங்க. சம்பளம் இல்லாத லீவா இருந்தாலும் சரி.

ஏன்னு சொல்றேன். பவுண்டரி வாட்டர்ஸ் என்பது மினசோட்டாவின் வடக்கே, கனடா எல்லையை ஒட்டி 10 லட்சம் ஏக்கருக்கும் மேல விரிஞ்சிருக்கும் காடு. ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். பெரும்பாலான ஏரிகளில் மோட்டாருக்கு அனுமதி இல்லை. கனூ எனும் துடுப்புப் படகில்தான் போகணும். ஒரு ஏரி முடிஞ்சதும் படகையும் மூட்டையையும் தோளில் தூக்கிட்டு அடுத்த ஏரிக்கு நடக்கணும். இதுக்குப் பேர் போர்ட்டேஜ்.

இங்க பர்மிட் ரொம்ப மலிவு. பெரியவருக்கு 16 டாலர், முன்பதிவுக்கு 6 டாலர். நாலு பேருக்கு 70 டாலர்தான். (புக் பண்ணும்போது கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.) ஆனா மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்க கோட்டா உண்டு. எந்த நாள், எந்த நுழைவிடம்னு புக் பண்றீங்களோ, அந்த நாளில் அந்த வழியாத்தான் உள்ளே போக முடியும். முன்பதிவு ஜனவரி கடைசியிலேயே திறந்துடும். குழுத் தலைவருக்கு மாற்றுப் பெயர்களையும் அப்பவே கொடுத்துடுங்க. அவருக்குத் திடீர்னு ஆபீஸ் வேலை வந்தா, பட்டியலில் பெயர் இருக்கிறவர்தான் பர்மிட்டை வாங்க முடியும்.

அடுத்தது எடை. அங்க தூரத்தை 'ராட்' கணக்கில் சொல்வாங்க. ஒரு ராட் 16.5 அடி. 100 ராட் போர்ட்டேஜ் சுமார் 500 மீட்டர். சுமையை ரெண்டு நடையா தூக்கினா, நடுவில் திரும்பி வர்றதையும் சேர்த்து 1.5 கிலோமீட்டர். அலுமினிய கனூ 30 கிலோவுக்கு மேல வரும், கெவ்லார் கனூ 20 கிலோ அளவில்தான். ஈலி ஊரில் ரெண்டும் வாடகைக்குக் கிடைக்கும். கெவ்லாருக்குக் கூடுதலா கொடுக்கும் வாடகை வீண்செலவு இல்லை. டின், கண்ணாடி பாட்டில் உணவுக்குத் தடை இருக்கு. அதனால புளிக்காய்ச்சலையும் உப்புமா மிக்ஸையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கோங்க. செலவும் குறையும்.

இப்போ அந்த விட்டுப்போன வரிக்கு வர்றேன். மே மாசம் ஐஸ் உருகி சில வாரம்தான் ஆகியிருக்கும். பெரிய ஏரியில் காற்று கிளம்பினா அலை எழும்பும், சுமை ஏத்தின கனூ கவிழலாம். அந்தக் குளிர்ந்த தண்ணியில் விழுந்தா, நல்லா நீந்தத் தெரிஞ்சவருக்கும் சில நிமிஷத்தில் கை கால் வேலை செய்யாது. பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. அனுபவசாலிகள் காற்று அடங்குற வரை கரையிலேயே உட்கார்ந்திருப்பாங்க. திங்கள் காலை மீட்டிங் இருக்கிறவர் "போயிடலாம்டா"ன்னு துடுப்பை எடுப்பார். 1,700 டாலர் கார்டில் தேய்ச்சவரும் அப்படித்தான், "இவ்வளவு செலவு பண்ணிட்டு பாதியில் திரும்புறதா?" போன காசு போனதுதான். அடுத்த முடிவில் அதுக்கு இடமே கிடையாது.

எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி வீடியோவில் எத்தனையோ தடவை பேசியிருக்கேன். இந்தப் பயணத்தில் எமர்ஜென்சி ஃபண்ட்னா அந்த ஒரு நாள்தான். காற்றே அடிக்கலைன்னா, கூடுதலா ஒரு நாள் ஏரிக்கரையில் இருந்துட்டு வாங்க.

கடைசியா ஒண்ணு. வாடகை கனூவோட லைஃப் ஜாக்கெட் கொடுப்பாங்க. அதை மடிச்சு உட்கார குஷனா போடாதீங்க. உடம்புல மாட்டுங்க.