கான் ரிகார்ட் பட்டறைக்காரர்கள்

பார்சிலோனாவின் 22@ திட்டத்தை நகரமைப்பு வல்லுநர்கள் இன்றும் பாராட்டுகிறார்கள். பாராட்டத்தான் வேண்டும். 2000-இல் அந்த மாநகராட்சி, போப்ளநோவ் பகுதியில் பழைய ஆலைகள் நின்ற சுமார் 200 ஹெக்டேர் நிலத்தைப் புதிய அறிவுத் தொழில்களுக்குத் திறந்துவிட்டது. நிலச் சொந்தக்காரர்கள் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளலாம்; பதிலுக்கு நிலத்தில் 30 சதவீதத்தைப் பூங்காவுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் இலவசமாக விட்டுத்தர வேண்டும். தொழில் மண்டலத்துக்குள் சிக்கி, 1953 முதல் அங்கீகாரம் இல்லாமல் இருந்த நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கும் அதே திட்டம் அங்கீகாரம் தந்தது. நிலம் உள்ளவர் கணக்கில் வந்தார், வீடு உள்ளவரும் வந்தார். வாடகைக்குப் பட்டறை நடத்தியவர் வரவில்லை.

போப்ளநோவில் உள்ள கான் ரிகார்ட் 1850-களில் துணி அச்சடிக்க எழுந்த ஆலை. அந்தத் தொழில் போன பிறகு அதன் கூடங்களில் சிறு தொழில்களும் கலைஞர்களும் குடியேறினார்கள். இப்படிப்பட்ட வளாகத்தில் ஒருவருக்குத் தேவையான கைவேலை பக்கத்துக் கதவிலேயே கிடைக்கும். புதிதாக எதையும் செய்து பார்க்க அதைவிட நல்ல இடம் எது? ஆனால், 2005-இல் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைக் காலி செய்யச் சொன்னார்கள், அதுவும் 22@ வரவேற்ற புதிய தொழில்களின் பெயரால். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பகுதிவாசிகள் சங்கம், பட்டறைக்காரர்கள், கலைஞர்கள், தொழில் வரலாறு படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். எதிர்த்ததோடு நிற்காமல் மாற்றுத் திட்டம் ஒன்றையும் தயாரித்து வைத்தார்கள். எந்தக் கூடத்தை இடிக்கக் கூடாது, எது யாருக்குப் பயன்படும் என்பது அங்கேயே புழங்குகிறவர்களுக்குத்தானே தெரியும்! 2008-இல் கான் ரிகார்ட் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னமானது. கட்டடம் பிழைத்தது. பட்டறைகளோ அதற்கு முன்பே காலியாகிவிட்டிருந்தன.

பிற்பாடு மாநகராட்சி 22@ பற்றி முறையாக எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, 2018 நவம்பரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதில் பகுதிவாசிகளும் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இருந்தார்கள். திட்டமிட்ட நாலாயிரம் மலிவு வீடுகளில் பாதிகூட அதுவரை கட்டப்படவில்லை. பிறகு விதிகளைத் திருத்தி வீடுகளுக்கான பங்கைக் கூட்டினார்கள். நல்ல காரியம்தான், ஆனால் பதினெட்டு ஆண்டுக்கும் மேல் தாமதம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதை மட்டும் மக்கள் பங்கேற்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போப்ளநோவில் மக்களுக்கு ஏதாவது கிடைத்தது என்றால், அந்த 30 சதவீதம் விதியாக எழுதப்பட்டிருந்ததால் கிடைத்தது. வரைபடம் போடும் முன்பே வாடகைதாரர்களைப் பட்டியலெடுத்து, புதிய கட்டடங்களில் ஒரு பகுதி அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் என்று இன்னொரு விதியும் சேர்த்திருக்கலாம். கூடுதல் மாடிகளுக்கு அனுமதி வாங்கிய சொந்தக்காரர் அதற்கு மறுப்புச் சொல்லியிருக்க முடியாது.