மலிவுத் துப்பாக்கியும் ஓர் அங்குல உத்தரவாதமும்

அமெரிக்காவில் 500 டாலர் அளவில் விற்கும் வேட்டைத் துப்பாக்கியை வாங்கி, பெட்டியைப் பிரித்து, தொலைநோக்கியைப் பொருத்திச் சுட்டால் 100 கஜ தூரத்தில் மூன்று குண்டுகளும் ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று கம்பெனிகளே உத்தரவாதம் தரும் காலம் இது. தாம்சன் சென்டர் தன் வெஞ்சர், காம்பஸ் ரகங்களுக்கு அப்படித் தந்தது. வெதர்பி, ஜப்பானின் ஹோவா ஆலையில் செய்து வாங்கும் வேன்கார்ட் ரகத்துக்கு 0.99 அங்குலம் என்று இன்னும் கறாராகச் சொல்கிறது. அதே ரகத்துக்கு முன்பு அது சொன்ன கணக்கு ஒன்றரை அங்குலம். சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற இன்னும் மலிவான ரகங்களும் சுட்டுப் பார்த்தவர்களிடம் நல்ல பெயரே வாங்கியிருக்கின்றன. இந்த வாக்குறுதியில் பெரும்பகுதி உண்மை என்பதே என் கருத்து. உண்மையாக இருப்பதால்தான் அதை வைத்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் இனி அர்த்தமில்லை என்கிறேன். 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கே இடமில்லாத நம் நாட்டில் இந்த வழக்கு எதற்கு என்று கேட்கலாம். பைக் விளம்பரத்தில் மைலேஜ் எண்ணைப் பார்த்து வண்டி வாங்கிய எவருக்கும் இது அந்நியமான வழக்கு அல்ல.

மலிவு என்றால் குறி தப்பும் என்ற எண்ணம் வெறும் மூடநம்பிக்கையாகத் தொடங்கவில்லை. ஒரு காலத்தில் ஆலையிலிருந்து வந்த துப்பாக்கியை அப்படியே நம்ப மாட்டார்கள். 1962-இல் வந்த ரெமிங்டன் 700 போன்ற நல்ல ரகத்தைக்கூடப் பட்டறைக்கு எடுத்துப்போய், தோட்டா அறையை அடைக்கும் போல்ட் அமரும் முகத்தைக் கடைசலில் சீர்செய்து, குழல் தன்னைத் தாங்கும் மரக்கட்டையைத் தொடாதபடி பள்ளத்தை அகலப்படுத்தி, உலோகம் மரத்தில் உட்காரும் இடத்துக்குப் பிசின் ஊற்றி, விசையையும் மாற்றினால்தான் ஓர் அங்குலம் என்ற பேச்சே எழும். அந்த வேலை ஒவ்வொன்றும் இன்று ஆலைக்குள்ளேயே, கைவினைஞர் இல்லாமல் முடிந்துவிடுகிறது. இதற்கு வழிகாட்டியது 1958-இல் வந்த சாவேஜ் 110. குண்டு வெளியேறும் கணத்தில் தோட்டா அசையாமல் இருக்க, போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அறைக்கும் உள்ள இடைவெளி மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். அதற்காக மற்றவர்கள் குழலின் அடிப்பகுதியைக் கடைந்து, பொருத்தி, அளந்து, மறுபடி கடைந்தார்கள். சாவேஜில் குழலுக்குப் பின்னால் ஒரு பெரிய நட்டு இருக்கும். அளவுக்கட்டையை உள்ளே வைத்து, குழல் அதில் முட்டும் வரை திருகி, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. போல்ட்டின் தலையும் உடம்போடு ஒரே துண்டாக இல்லாமல் சற்றே அசையும். அதனால் அதன் இரண்டு பற்களும் தாமாகவே சமமாகப் பதிந்துகொள்ளும். செலவைக் குறைக்க வந்த ஏற்பாடு, குறியையும் கூர்மையாக்கியது.

குழலின் கதையும் இதே போக்குதான். வரிப்பள்ளங்களை ஒவ்வொன்றாகச் செதுக்கிய காலம் போய், அச்சுக்கோலைக் குழலுக்குள் இழுத்துப் பள்ளத்தைப் பதிக்கும் முறை வந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி ஜெர்மனியில் இயந்திரத் துப்பாக்கிக் குழல்களை விரைவாகச் செய்ய வளர்த்தெடுத்த சம்மட்டி முறை இன்னும் வேகமானது. வரிகள் எதிர்மறையாகப் பொறித்த கெட்டி உலோகக் கோலைத் துளையிட்ட எஃகுக் கட்டைக்குள் நுழைத்துச் சுற்றிலுமிருந்து அடித்தால் சில நிமிடங்களில் குழல் தயார். ரூகர் அமெரிக்கனின் குழல் இந்த வகை. அதன் பிளாஸ்டிக் கட்டைக்குள் வார்த்தே வைத்திருக்கும் இரண்டு ‘வி’ வடிவ உலோகத் துண்டுகள், பழைய பட்டறைக்காரர் பிசின் ஊற்றிச் செய்த வேலையைச் செய்கின்றன. விசைதான் கடைசிவரை முரண்டு பிடித்தது. நஷ்டஈட்டு வழக்குக்குப் பயந்து கம்பெனிகள் விசையைக் கல்லாக வைத்திருந்தன. மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கியில் ஏறக்குறைய அதே பலத்தோடு விசையை இழுத்தால் குறி நகராமல் என்ன செய்யும்? 2000-களின் தொடக்கத்தில் சாவேஜ், விசைக்குள் ஒரு மெல்லிய தகட்டைப் பாதுகாப்புக்கு வைத்து, அதை இழுக்கத் தேவையான பலத்தை வாங்கியவரே குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன.

ஆக, துப்பாக்கி மாறிவிட்டது. அதை அளக்கும் கோல்தான் கோணல். மூன்று குண்டுகள் என்பது மிகச் சிறிய மாதிரி. குண்டுகள் மையத்தைச் சுற்றித் தற்செயலாகச் சிதறும் விதத்தைப் புள்ளியியல் கொண்டு கணக்கிட்டால், சராசரியாக மூன்று குண்டுக்கு ஓர் அங்குலம் காட்டும் அதே துப்பாக்கி பத்து குண்டுக்கு ஒன்றரை அங்குலத்துக்கும் சற்று மேலே காட்டும். எதுவும் கெட்டுப்போகவில்லை, குழல் சூடானதால் வந்ததும் அல்ல, எண்ணிக்கை கூடினால் ஓரத்தில் விழும் குண்டும் கணக்கில் சேர்கிறது, அவ்வளவுதான். மறுபக்கம், மூன்று குண்டுக்குச் சராசரி ஒன்றரை அங்குலம் பரப்பும் துப்பாக்கிகூட ஏறத்தாழ ஐந்தாறு முறைக்கு ஒரு முறை ஓர் அங்குலத்துக்குள் போட்டுக் காட்டும். அந்த அட்டையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் எத்தனையோ பேர். உத்தரவாதமும் எல்லாத் தோட்டாவுக்கும் பொருந்தாது. வெதர்பியின் வாக்கு அதன் சொந்தத் தோட்டாவுக்கோ உயர்தரத் தோட்டாவுக்கோ மட்டும். இது சின்ன நிபந்தனை அல்ல. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. ஈயம் கலந்த இறைச்சியைத் தின்று கான்டோர் கழுகுகள் செத்ததுதான் இதற்கு முக்கியக் காரணம். செப்புக் குண்டு அதே எடையில் ஈயக் குண்டைவிட நீளமானது, குழலுக்குள் நடந்துகொள்ளும் விதமும் வேறு. ஈயத்தில் ஓர் அங்குலம் காட்டிய குழல் செப்பிலும் காட்டும் என்பதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

சரி, கோணல் கோலாகவே இருக்கட்டும். மானுக்கு எவ்வளவு துல்லியம் தேவை? இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை எட்டு அங்குல வட்டமாக வைத்துக் கணக்கிடுவது அமெரிக்க வேட்டைக்காரர்களின் வழக்கம். மான் வேட்டையில் 200 கஜம் என்பதே பலருக்குத் தூரமான சுடுகை. அங்கே 100 கஜத்துக்கு ஒன்றரை அங்குலம் பரப்பும் துப்பாக்கி மூன்று அங்குலம் பரப்பும், ஓர் அங்குலத் துப்பாக்கி இரண்டு அங்குலம் பரப்பும். மையத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் அரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்குத்தான் இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். இதே சமயத்தில் நின்றபடி, சாய்மானம் இல்லாமல் சுடும் சராசரி மனிதரின் கை, 100 கஜத்திலேயே எட்டு அங்குலத்தைத் தாண்டி ஆடும். 300 கஜத்தில், மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக் காற்று .308 வின்செஸ்டர் குண்டை ஆறேழு அங்குலம் ஒதுக்கிவிடும். 200 கஜத்துக்குச் சரிசெய்த குறியோடு 400 கஜத்தில் சுட்டால் குண்டு ஏறத்தாழ இரண்டடி தாழ்ந்திருக்கும். இவற்றில் எதையும் துப்பாக்கியின் விலை தீர்க்காது. தவிர, மேசையில் மணல்மூட்டை மேல் வைத்து, குழலை ஆறவிட்டுச் சுட்ட மூன்று குண்டின் கதை வேறு, மூச்சு வாங்க மேட்டில் ஏறி நின்று ஆறின குழலிலிருந்து விடும் முதல் குண்டின் கதை வேறு. வேட்டையில் கணக்கு அந்த முதல் குண்டுக்கு மட்டும்தான். அதை எந்த விளம்பரமும் அளப்பதில்லை.

உயிரைக் கொல்லும் காரியத்தில் எவ்வளவு துல்லியம் கிடைத்தாலும் அதிகமில்லை, அரை அங்குலம் என்றாலும் வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி மறைவதைவிடக் கொடுமை வேட்டையில் இல்லை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அப்படி ஓடும் மான்கள் அரை அங்குலத்தால் ஓடுவதில்லை; அரையடியால் ஓடுகின்றன. சுட்டிருக்கக் கூடாத தூரம், விசையை வெடுக்கென இழுத்த விரல், ஆடும் கொடியைக் கவனிக்காத கண் ஆகியவற்றின் வேலை அது. போதாததற்கு ஓர் அங்குலச் சீட்டு கையில் இருக்கும் தெம்பில்தான் பலர் 400 கஜத்துக்கு ஆசைப்படுகிறார்கள். அந்த வகையில் இந்த உத்தரவாதம் மானுக்கு நல்லதா என்பதே சந்தேகம்.

விலை கூடிய துப்பாக்கியில் வேறொன்றும் இல்லையா என்பது நியாயமான கேள்வி. இருக்கிறது. மலிவு ரகத்தின் பிளாஸ்டிக் கட்டை சிலவற்றில் அழுத்தினால் வளையும். தோள்வாரை இறுக்கிப் பிடித்தாலோ முன்பக்கத் தாங்கு கால்களில் சாய்த்து அழுத்தினாலோ குழலைத் தொட்டுக் குறியை மாற்றும். போல்ட் கரகரக்கும், தோட்டாப் பெட்டி லொடலொடக்கும். பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தவர் ஆக்சிஸ் பக்கம் திரும்பத் தயங்குவதில் வியப்பில்லை. வால்நட் மரத்தின் அழகுக்கு விலை கொடுப்பவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். 1964-இல் வின்செஸ்டர் தன் மாடல் 70-இல் சிக்கனம் பிடித்தபோது வாடிக்கையாளர்கள் கொதித்ததும் இதற்காகத்தான். கையால் செதுக்கிய சொரசொரப்புக்குப் பதில் அச்சில் அழுத்திய கோலம், தோட்டாவைக் கவ்வும் கொக்கியில் மாற்றம். 1964-க்கு முந்தையது என்றாலே இன்றும் தனி மவுசு. அந்தக் கோபத்தில் குறி தப்புகிறது என்ற புகாருக்குப் பெரிய பங்கில்லை. ஆக, கைக்கு இதமும் கண்ணுக்கு அழகும் வேண்டுமென்றால் அதற்கென்று பணம் கொடுக்கலாம். துல்லியத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

உத்தரவாதப் போட்டி இல்லையென்றால் கம்பெனிகள் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பார்கள். வந்திருக்காதுதான். ஒன்றரை அங்குலத்தை 0.99 ஆக்கியதில் போட்டிக்குப் பங்குண்டு. இனி அது பத்து குண்டுச் சராசரி, தனித்தனி நாள்களில் ஆறின குழலிலிருந்து விட்ட முதல் குண்டுகள், ஈயத்துக்கும் செப்புக்கும் தனித்தனிக் கணக்கு என்று நகர வேண்டும். நகராமல் இருப்பதற்குக் காரணம் எளிது: 0.99 என்று ஒருவர் அச்சடித்திருக்கும் அலமாரியில் 1.6 என்று முதலில் உண்மை எழுதுபவருக்குத்தான் நஷ்டம். ஆகவே மாற்றம் வாங்குபவர் பக்கமிருந்துதான் தொடங்கும். 20 தோட்டா கொண்ட பெட்டியின் சாதாரண ரகம் 30 டாலர் என்று வைத்தால், 1,000 டாலர் துப்பாக்கியை விட்டு 500 டாலர் துப்பாக்கியை எடுப்பவரின் கையில் மிஞ்சும் பணத்துக்கு 300-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் வரும். சீசனுக்கு முன் ஒரு பெட்டியைக்கூடச் சுட்டுத் தீர்க்காமல் காட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மிச்சத் தோட்டாக்களை மேசையிலிருந்து இறங்கி, மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பார்த்தால், எவ்வளவு தூரத்துக்கு மேல் தாம் விசையைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.