பட்டி பூசினா படகு மிதக்குமா?

ஃபைபர் படகுல குறுக்குத் தடுப்புச் சுவர் விரிசல் விட்டா, கரையில பாதிப் பேர் சொல்ற வைத்தியம் ஒண்ணுதான். பட்டி பூசு, பெயின்ட் அடி, கடலுக்குப் போ. இது ரிப்பேரே இல்லைங்கறது என் கட்சி. எர்ரர் மெசேஜை மட்டும் மறைச்சுட்டு 'ஃபிக்ஸ்டு'ன்னு டிக்கெட்டை மூடுவாங்களே, அதே ரகம் :-)

அந்தச் சுவருக்கு ரெண்டு வேலை. அலை அடிக்கும்போது படகோட பக்கவாட்டு முறுக்கிக்காம பிடிச்சுக்கணும். பல சின்னப் படகுகள்ல மிதவை அறையை அடைச்சு நிக்கிறதும் அதுதான். படகு முழுக்கத் தண்ணி ரொம்பினாலும் முழுகாம காப்பாத்தறது அந்த அறை. சுவர் விரிஞ்சா தண்ணி சத்தமில்லாம உள்ளே போய் உக்காந்துக்கும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். கவுந்த அன்னிக்குத்தான் விஷயம் தெரியும்.

பட்டி ஏன் நிக்காது? இழுவையைத் தாங்கற நீளமான கண்ணாடி நார் அதுல இல்லை. ரெசின் அந்த நாரைப் பிடிச்சு வைக்குது, அவ்ளோதான். அதுலயும் இறுகிப்போன பழைய ரெசின் மேல புதுசு பெரும்பாலும் சொரசொரப்பைப் பிடிச்சுத்தான் ஒட்டும். அதனால பெயின்டைச் சுத்தமா எடுத்துட்டு, விரிசலோட ரெண்டு பக்கமும் சரிவா கிரைண்ட் பண்ணணும். கணக்கு 12-க்கு 1. சுவர் கனம் 6 மி.மீ. என்றால், பக்கத்துக்கு 72 மி.மீ. சரிவு. நல்லா காயவச்சு, அப்புறம்தான் மேட், ரெசின் எல்லாம். கேட்டலிஸ்ட் 1-2 சதவீதம், வெயில் நாள்ல குறைச்சல் பக்கமா. மாஸ்க் இல்லாம கிரைண்டரைத் தொடவே கூடாது.

இவ்ளோ பண்ணியும் விரிசல் ஏன் வந்துச்சுன்னு பார்க்கலைன்னா வீண். சுவர் படகோட உடம்பைத் தொடற மூலையில வளைவு கொடுக்காம வெடுக்குன்னு முடிச்சிருந்தா, பாரம் எல்லாம் அந்த ஒரே கோட்டுல இறங்கும். மறுபடி அங்கேயேதான் கிழியும்.

"தம்பி, ரெண்டு நாள் படகு கரையில கிடந்தா வீட்ல உலை வைக்கறது யாரு?"ன்னு கேட்டார் ஒரு அண்ணன். நியாயமான கேள்விதான். விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கு, அப்போ ரிப்பேர் பாத்துக்கலாம். இவங்களுக்கு அந்த ஓய்வு கிடையாது. "மத்த விரிசலுக்கு நீங்க எப்படி வேணா பண்ணுங்கண்ணே, மிதவை அறைச் சுவருக்கு மட்டும் ரெண்டு நாள் விடுங்க"ன்னேன். சிரிச்சார், சரின்னு சொல்லலை.

பி.கு: உள்ளே தெர்மோகோல் அடைச்சிருந்தா பாலியெஸ்டர் ரெசின் அதுமேல படவே கூடாது, கரைச்சுடும்.