லொறியின் சூட்டு முள்ளும் விற்பனையின் ஹலாலும்



நமது கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். தன் நகையை ஈடு வைத்துக் கணவர் வாங்கிய பழைய லொறியில், சம்மாந்துறை ஆலைகளின் அரிசியை ஏற்றி மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறாராம். பதினெட்டு வளைவு என்று பேர்பெற்ற அந்த ஏற்றத்தில் சூட்டு மீற்றரின் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விடுகிறது. “இஞ்சின் முடிந்துவிட்டது, வித்துப்போடு. வயரில் ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டுத் தாறேன், முள் நடுவிலேயே நிற்கும்” என்று கராஜில் ஒருவர் சொன்னாராம். இது ஆகுமா என்பது கேள்வி.

ஆகாது. மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவனல்ல என்று கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. ரெசிஸ்டர் போட்ட முள்ளும் மேலே பரப்பிய காய்ந்த தானியம்தான். வாங்கியவர் பின்னால் குறையைக் கண்டால் திருப்பித் தரும் உரிமை அவருக்கு உண்டு. கியாருல் அய்ப் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்வது இதைத்தான். நமது ஷாஃபிஈ மத்ஹபில் கண்டவுடன் தாமதிக்காமல் திருப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

ஆனால் சகோதரியே, எந்தக் குறையை வாங்குபவரிடம் சொல்லப் போகிறீர்கள்? இஞ்சின் சூடாகிறதா, முள் பொய் சொல்கிறதா? ஒன்றை விளங்காமல் அதன்மேல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே எனக்குத் தெரிந்த வயரிங் பாஸ் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்; பக்கத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

இஞ்சின் தண்ணீருக்குள் நுனி படும்படி ஒரு பித்தளைச் சென்சர் முறுக்கப்பட்டிருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். முள் மேலே போகும். முதலில் முள்ளின் நடத்தையைப் பாருங்கள். தண்ணீர் மெதுவாகத்தான் கொதிக்கும், மெதுவாகத்தான் ஆறும். அதுபோல முள்ளும் மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் அது உண்மை பேசக்கூடும். சட்டென்று பாய்ந்தால், அல்லது ஹெட்லைட் போட்டதும் எழும்பினால், மீற்றர் பக்கத்து எர்த் கெட்டிருக்கிறது. கடற்காற்றில் வயர் முனைகள் பச்சை பூத்துப்போவது நமது ஊர்களில் புதினமல்ல. உரசிச் சுத்தம் செய்தாலே பாதிக் கேஸ் தீரும் என்கிறார் பாஸ்.

அடுத்து, சாவியைப் போட்டுவிட்டுச் சென்சரின் வயரைக் கழற்ற வேண்டும். முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும். அதே வயரை இஞ்சின் உடம்பில் ஒரு கணம் தொட்டால் சூட்டுப் பக்கம் ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் மீற்றரும் பெரும்பாலும் சரி, சந்தேகம் சென்சர்மேல். கழற்றியும் முள் மேலேயே நின்றால் வயர் எங்கோ உரசி உடம்பில் படுகிறது. தொட்டும் அசையாவிட்டால் வயர் அறுந்திருக்கலாம், மீற்றர் செத்திருக்கலாம். பழைய ஆங்கிலேய வாகனங்கள் பலவற்றில் எண்ணெய் மீற்றருக்கும் சூட்டு மீற்றருக்கும் பொதுவாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. இரண்டு முள்ளும் சேர்ந்து தவறினால் அதைப் பார்க்க வேண்டும்.

சென்சரைச் சோதிக்க உங்கள் கேத்தல் போதும். இஞ்சின் ஆறியபின் சென்சரைக் கழற்றி, அதன் உடம்பிலிருந்து லொறிக்கு ஒரு எர்த் வயர் கொடுத்து, பழைய வயரையும் மாட்டி, நுனியை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கடற்கரை ஊரில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். முள் படிப்படியாக ஏறிச் சிவப்பை அண்டி நிற்க வேண்டும். (காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றரைத் தயவுசெய்து இதற்குள் விடாதீர்கள். 42 பாகைக்கு மேல் அது தாங்காது.)

முள் கீழே கிடக்கிறது என்று நிம்மதியாக இருப்பதும் ஆபத்து. தண்ணீர் வற்றிச் சென்சர் வெறுங்காற்றில் நின்றால், இஞ்சின் வேகும்போதும் முள் குளிர்ச்சி என்றே காட்டும். ஆகவே காலையில், குளிர்ந்த இஞ்சினில், மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டோடு திறக்க விடாதீர்கள். பிரஷர் குக்கர் மாதிரி உள்ளே அமுக்கம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணம் முகத்தில் பாயும்.

இதையெல்லாம் கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தேன். போன மாதம் பதில் வந்தது. எர்த்தைச் சுத்தம் செய்ததும் இரவில் முள் பாய்வது நின்றுவிட்டதாம். ஆனால் வளைவில் இன்னும் மெல்ல ஏறுகிறது. றேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால், வீட்டுக் கிணற்றின் உவர்த்தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குழாய்களில் பாதி உப்புக்கல்லால் அடைத்திருக்கிறது. முள் பாதி பொய்யும் பாதி உண்மையும் சொல்லியிருக்கிறது. ரெசிஸ்டர் போட்டிருந்தால் அந்த உண்மைப் பாதியும் மறைந்து, வாங்கிய மனிதர் ஏற்றத்தின் நடுவில் இஞ்சினைப் பறிகொடுத்திருப்பார்.

றேடியேட்டர் கழுவக் கொடுத்திருக்கிறார்கள். இனிக் கூலண்ட்தான் ஊற்றுவதாம். லொறி இப்போது விற்பனைக்கு இல்லை. நகையை மீட்பது பெருநாளைக்குப் பிறகு என்று எழுதியிருக்கிறார்.