டீசல் கணக்கு

நம் மத்தியதர வர்க்கத்து வீடுகளில் பேரம் பேசத் தெரிந்தவருக்குத் தனி மரியாதை உண்டு. கறிகாய்க்காரியிடம் இரண்டு ரூபாய் குறைத்து வாங்கிவிட்டால் அன்று முழுவதும் வீட்டில் அதே பேச்சு. கறிகாய் விஷயத்தில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் வீடு மாற்றுவதற்கு வண்டி பேசுகிறபோது இந்தச் சாமர்த்தியம் எங்கே போய் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் சொல்வது 'குட்டி யானை'யை. 2005-ல் டாட்டா கம்பெனியார் 'ஏஸ்' என்று பெயரிட்டு வெளியிட்ட சிறிய லாரி அது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம். கம்பெனி வைத்த பெயரை ஒதுக்கிவிட்டுத் தமிழ்நாட்டு ஜனங்கள் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள், அதுவே நிலைத்தது. 2011-ல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்'தும் வந்து சேர்ந்தது. பெரிய லாரி நுழைய முடியாத சந்துகளில் பீரோவும் கட்டிலும் போய்ச் சேர்வது இந்த வண்டிகளால்தான். ஓட்டுகிறவரே பெரும்பாலும் சொந்தக்காரர். சொந்தக்காரர் என்றால் கடன்காரர் என்று பொருள்.

எங்கள் தெருவில் ஒரு சர்க்கார் இலாகாவில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்குச் சாமான் ஏற்ற 1,500 ரூபாய் கேட்டார்கள் என்று அவருக்கு மகா கோபம். "சார், தூரம் 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடும். டீசல் 90 என்று வையுங்கள். 120 ரூபாய் செலவுக்கு 1,500 கேட்டால் அதற்குப் பெயர் கொள்ளை இல்லாமல் என்ன?" என்றார். வகுத்தல், பெருக்கல் இரண்டும் சரி. முப்பது வருஷம் பேரேடு எழுதியவர், தேய்மானம் என்ற தலைப்பை மட்டும் எப்படி மறந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவர் விட்ட கணக்கை நான் போடுகிறேன். கூட்டலுக்குச் சுலபமாக முழு எண்களாகவே வைத்துக்கொள்வோம். வண்டி விலை 6 லட்சம். எட்டு வருஷம் ஓட்டி, ஒன்றரை லட்சத்துக்கு விற்கிறார். நாலரை லட்சம் தேய்ந்து போயிற்று, வருஷத்துக்கு 56,250. அந்த 6 லட்சத்தில் 5 லட்சம் கடன், 12 வட்டி, ஐந்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 11,100 கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் ஒரு லட்சத்து 67 ஆயிரம். அதை எட்டு வருஷத்துக்குப் பரப்பினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 20,900. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு 2022-ல் நிர்ணயித்த தொகை 16,049, வரி தனி. மூன்றையும் கூட்டினால் 93,000 ரூபாய்க்கு மேல். சாலை வரியும் எஃப்.சி.யும் இதில் சேரவில்லை.

வருஷத்தில் 300 நாள் சவாரி கிடைத்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு முன்பே நாளொன்றுக்கு 311 ரூபாய் போய்விட்டது. 200 நாள்தான் கிடைத்தது என்றால் 466.

இனி ஓடுகிற செலவு. ஸ்டாண்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வண்டி காலியாக வருகிறது. தாம்பரத்திலிருந்து காலியாகத் திரும்புகிறது. 20 கிலோமீட்டர் என்று நீங்கள் சொல்வது அவருக்கு 45. டீசல் மட்டும் 270. டயருக்கு 18, எஞ்சின் ஆயில், பிரேக், கிளட்ச், ரிப்பேர் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் 45. ஆக 333. வீடு மாற்றும் சவாரி ஒன்று வந்தால் அன்றைய பகல் அதோடு சரி. ஏற்ற இரண்டு மணி, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல், இறக்க இரண்டு மணி. நடுவில் பூஜை அறைப் படங்களைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று பாட்டி சொல்லிவிடுவாள்.

1,500 வாங்கி, 300 நாளும் சவாரி கிடைக்கும் பாக்கியசாலிக்கு மாதம் 21,400 மிஞ்சும். 200 நாள் கிடைப்பவருக்கு 11,700 கூட இல்லை. நம் பெரியவர் சாமர்த்தியமாகப் பேசி ஆயிரத்துக்கு முடித்தார் அல்லவா? எல்லாரும் அப்படியே முடித்தால் இந்த இரண்டாவது ஆசாமிக்கு மாதம் மிஞ்சுவது 3,350 ரூபாய். அதில் வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், மருந்து, தீபாவளி.

"கட்டுப்படியாகவில்லை என்றால் ஏன் வருகிறான்?" என்று கேட்பீர்கள். வருகிறார், ஏனென்றால் அன்றைக்குக் கையில் ஆயிரம் ரூபாய் ரொக்கமாக விழுகிறது. தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் சாப்பிடுவது லாபத்தை அல்ல, வண்டியை. வண்டி அதற்கு வட்டியோடு பழி வாங்கும் இடம் ஒர்க் ஷாப்.

இந்த இடத்தில் ஓட்டுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எஞ்சின் சூடேறுகிறது. காரணம் பலவாக இருக்கலாம்: ஹோஸில் கசிவு, அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், ஓய்ந்த வாட்டர் பம்ப், திறக்க மறுக்கும் தெர்மோஸ்டாட். ஒவ்வொன்றாகப் பார்க்க அரை நாள் ஆகும். அரை நாள் சவாரி போய்விடும். ஆகவே மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிறார். கூலண்டுக்குப் பதிலாகப் போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நம் ஊர்ப் போர்த் தண்ணீர் டீ கெட்டிலில் என்ன செய்கிறதோ அதையே ரேடியேட்டருக்குள்ளும் செய்யும். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி டீசலை அதிகமாகக் குடிக்கும், சீக்கிரம் தேயும். ஒரு நாள் ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வரும். ஹெட் காஸ்கெட் போயிற்று. முதலிலேயே கவனித்திருந்தால் சில நூறு ரூபாய். இப்போது பல ஆயிரம்.

புகையைக்கூட யாரும் படிப்பதில்லை. கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிஞ்சுகிறது: முதலில் ஏர் ஃபில்டர், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் நீங்கள் ஏற்றிய பாரம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் விடாத வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் அலறியும் வண்டி நகர மறுத்தால் கிளட்ச் வழுக்குகிறது. செல்ஃப் எடுக்காவிட்டால் புது பாட்டரி வாங்குவதற்கு முன் அதன் முனைகளில் பூத்திருக்கும் பச்சை உப்பைச் சுரண்டிப் பார்க்கலாம். பல நேரங்களில் வியாதியே அதுதான். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் வேறு இருக்கிறது. தெருவுக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நல்ல வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். டாஷ் போர்டில் எரிகிற மஞ்சள் விளக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது வைத்தியம் ஆகாது.

இவை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாதவை என்று நினைக்க வேண்டாம். ஒரு டிரைவரிடம் இதைச் சொல்லப்போய், "தெரியும் சார். வண்டிய ஒரு நாள் ஒர்க் ஷாப்ல வுட்டா அன்னிக்கு டியூ யாரு கட்டுவாங்க?" என்று கேட்டார். ஆயிரம் ரூபாய்ப் பேரம் கடைசியில் ரேடியேட்டரில் போர்த் தண்ணீராகப் போய்ச் சேர்கிறது. பிரேக் லைனிங்கிலும் போய்ச் சேரும். அந்த வண்டிக்கு முன்னால் ஸ்கூட்டரில் போவது உங்கள் பெண்ணாக இருக்கலாம்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிவிடுங்கள்" என்பது பேரத்தின் இரண்டாவது அத்தியாயம். என் புஸ்தகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 20 கிலோ வீதம் 40 பெட்டி என்றால் 800 கிலோ. முக்கால் டன் வண்டிக்கு அதுவே அதிகம். கட்டிலும் பீரோவும் கிரைண்டரும் பிறகுதான். 2019-ல் திருத்திய சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. போலீஸ்காரர் நிறுத்தினால் டிரைவர்தான் இறங்கிப் போகிறார். சாமானுக்குச் சொந்தக்காரர் ஆட்டோவில் முன்னாலேயே போய்ப் பால் காய்ச்சிக்கொண்டிருப்பார்.

நான் இரக்கம் காட்டச் சொல்லவில்லை. தலையில் கட்டுகிற டிரைவர்களும் இருக்கிறார்கள். நாலு பேரிடம் விசாரியுங்கள், பேரமும் பேசுங்கள். ஆனால் பேரம் தொடங்கும் இடம் 120 ரூபாயாக இருக்கக் கூடாது. மேலே போட்ட கணக்கில், 200 நாள் சவாரிக்காரருக்கு அந்த நாளின் அடக்க விலை 799. அதற்கு மேல் அவருடைய ஒரு நாள் உழைப்புக்கு என்ன தரலாம் என்பதைப் பேசுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு, இரண்டாம் நடைக்கு எவ்வளவு, பீரோவை மாடி ஏற்றும் ஆளுக்கு யார் கூலி கொடுப்பது என்பதையெல்லாம் பாட்டி படங்களை இறக்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.