கணக்கில் ஏறாத கொடை

தேயிலை விளம்பரத்தில் கொழுந்து பறிக்கும் பெண் எப்போதும் சிரித்தபடியே இருப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் இலங்கை மலையகத்தாருக்கு எரிச்சல் வருவது நியாயமே. ஆனால் அந்த எரிச்சலில் இன்னொன்றையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல் என்றாலே அழுகைதான் என்று மேடையில் பேசிப் பேசிப் பழகிவிட்டது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கொடுமையும் கடல் கடந்த துயரமும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகின்றன. கும்மியும் தாலாட்டும் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் எசப்பாட்டும் காமன் கூத்தும் வெறும் பொழுதுபோக்காக ஓரங்கட்டப்படுகின்றன. சந்தோசமான பாட்டை ஒப்புக்கொண்டால் விளம்பரக்காரனுக்குச் சாட்சி சொன்னதாகிவிடுமோ என்ற பயம் இது. அந்தப் பயம் தேவையற்றது என்பது என் கருத்து. கண்டிச் சீமை எனப்பட்ட மலைநாட்டுத் தோட்டங்களில் பாடப்பட்ட பகிர்வும் கொண்டாட்டமும், தோட்டம் என்ற அமைப்பு மனிதர்களுக்கு இடையில் அனுமதித்த பிரதான உறவாகிய கடனை மறுத்து எழுந்த குரல்கள். அவற்றை அந்தக் கடனோடு சேர்த்து வாசித்தால்தான் அவற்றின் கூர்மை புலப்படும்.

கடன் என்று நான் சொல்வது உருவகமல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, கங்காணி வழி ஆள் சேர்க்கும் முறை ஊன்றிவிட்டது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள்கட்டிகள் ஆசை காட்டியதாக இன்றும் சொல்வார்கள். புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்து புறப்பட்டவனுக்கு வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் அவன் பெயரில் கடனாக எழுதப்பட்டது. தோட்டத்துக்கு வந்ததும் கொடுத்த கம்பளி கடன். அரிசியும் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அவனுடைய கடன் தொகை எழுதிய ‘துண்டு’ கூடவே போனது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொண்டது. சட்டம் போட்டு இந்த முறையை ஒழிக்க 1921 வரை ஆயிற்று. யார் எதைக் கொடுத்தாலும் அது யாரோ ஒருவருடைய பேரேட்டில் ஏறும் உலகம் அது. இலவசமாகக் கிடைத்தது பனியும் அட்டைக்கடியும்தான்.

இந்தப் பின்னணியோடு ஒரு தாலாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தாயைப் பெற்றவர்கள், மாமன்மார், சித்தப்பன்மார் எல்லாரும் குழந்தைக்குக் கொண்டு வரும் சீர்வரிசைகளை வரிசையாக அடுக்குவது நம் தாலாட்டின் வழக்கம். பாடுகிறவளின் லயத்து (வரிசை வீட்டு) அறையில் அவற்றில் ஒன்றுகூட இராது. குழந்தையோ விடிந்ததும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விடப்பட வேண்டியது. ஒப்பாரியும் இப்படித்தான். செத்தவர் யாருக்கு என்ன கொடுத்தார், யார் பசியை ஆற்றினார் என்று பெண்கள் எண்ணி எண்ணிப் பாடுவார்கள். பிறப்பிலும் இறப்பிலும் பாட்டு ஒரு பட்டியல் போடுகிறது. தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்குரோலும் ஒரு பட்டியல் போடுகிறது. செக்குரோலில் அவள் ஒரு பெயர், சில நாட்களில் அரைக் கூலி பெறும் அரைப்பேர். பாட்டிலோ அவள் கொடுக்கவும் வாங்கவும் உறவு உள்ளவள். வாங்கியது கடனாக எழுதப்படாத உறவு அது. இந்தப் பார்வைக்குத் தமிழில் நீண்ட வம்சாவளி உண்டு. வறுமையில் வாடிய புலவர் பெருஞ்சித்திரனார், வள்ளல் குமணனிடம் பெற்று வந்த பரிசிலை எல்லாருக்கும் கொடுத்துவிடும்படி மனைவியிடம் சொல்வதைப் புறநானூற்றின் 163ஆம் பாட்டில் காண்கிறோம். 333ஆம் பாட்டிலோ விருந்தினருக்காக விதைத் தினையே உரலுக்குப் போகிறது. வள்ளல்களை மட்டும் பாடிய இலக்கியம் என்று சங்கப் பாட்டைச் சுருக்குவோர் இந்த இல்லாதவர் வீடுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காமன் கூத்தில் இது இன்னும் வெளிப்படை. மாசியில் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் ஆடி, மன்மத தகனத்தில் உச்சம் பெறும் அந்தக் கூத்துக்குத் தோட்டமே அரங்கு, தோட்டமே பார்வையாளர். பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவன் இரவில் எமனாகவோ வீரபத்திரனாகவோ வருகிறான். லயம் லயமாகச் சேர்க்கும் காசிலும் அரிசியிலும் நடப்பதால், கூத்து யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்துக்கு ஆட்களை எழுப்பிய அதே தப்புத்தான் கூத்து இரவிலும் ஒலித்தது; தோட்டத் துரையின் நேரத்தை அறிவித்த வாத்தியம் சில இரவுகளுக்கு மக்களின் நேரத்தை அறிவித்தது. சாம்பலான கணவனுக்காக ரதி புலம்பும்போது கூட்டம் சேர்ந்து அழுகிறது, உடனே கோமாளி வந்து சிரிக்கவும் வைக்கிறான். அழுகை வேறு, கொண்டாட்டம் வேறு என்று பிரித்துத் தொகுக்கிற பழக்கம் நம்முடையது. ஆடியவர்களுக்கு அந்தப் பிரிவினை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த வாசிப்புக்கு மறுப்புகள் உண்டு. தாலாட்டின் சீர்வரிசையும் ஒப்பாரியின் கொடைப் பட்டியலும் தமிழகத்திலிருந்து அப்படியே வந்த வாய்பாடுகள்தாமே, அவற்றைக் கொண்டு தோட்ட வாழ்வைப் பற்றி என்ன முடிவுக்கு வர முடியும் என்று கேட்கலாம். வாய்பாடுதான். ஆனால் கப்பலேறி வந்தவர்கள் கொண்டு வந்தவை எல்லாம் நிலைக்கவில்லை. எதைப் பேத்தி வரை பாடிக் கொடுத்தார்கள் என்பது அவர்களுடைய தேர்வு. தோட்டத்தில் பிறந்து, தலவாக்கலையிலிருந்து 1947இல் நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்க வேலைக்கிடையே இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்ததும், போராட்டப் பாட்டோடு காதல் பாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் விடாமல் சேர்த்ததும், அவர் அவற்றைக் கேளிக்கையாகப் பார்க்கவில்லை என்பதைக் காட்டுகின்றன.

இரண்டாவது மறுப்பு வலுவானது. சந்தோச வடிவங்களை முதலாளி தரப்பும் கையாண்டிருக்கிறது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ தோட்டத் தொழிலாளர் வட்டமிட்டு ஆடும் கும்மியில் கோப்பிச் செய்கையின் ஒழுங்கைத்தான் பாடுகிறது. அதன் அனுதாபம் துரைமார் பக்கம். ஆக, கும்மி என்பதாலேயே ஒரு பாட்டு மக்களுடையதாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பாட்டில் யார் யாருக்குக் கொடுக்கிறார், வாங்கியவர் குனிய வேண்டியிருக்கிறதா என்று பார்த்தே பிரிக்க முடியும். உழைப்பைக் கொடு, சம்பளத்துக்கு நன்றி சொல் என்பது பகிர்வு ஆகாது.

ஆடிப் பாடியவர்கள் திருப்தியாகத்தான் இருந்திருக்கிறார்கள் என்ற பழைய துரைமார் வாதத்துக்கு டெய்லர் தேயிலை பயிரிட்ட அதே ஹேவாஹெட்டையே பதில் சொல்லும். 1940 ஜனவரியில் அங்குள்ள முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்தக் காலத்தில்தான் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டக் கூட்டங்களில் பாடி ஆள் திரட்டினார். கூடிப் பாடப் பழகியவர்கள் கூடி மறுக்கவும் பழகுகிறார்கள். பாட்டு போராட்டத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கஷ்டத்தை ஒருவர் தாங்கும் பழக்கம் இல்லாத இடத்தில் வேலைநிறுத்தம் ஒரு வாரம்கூட ஓடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு உறுத்தலாக இருப்பது மூன்றாவது மறுப்பு. தப்படிப்பவர் யார், கம்பம் ஊன்றுபவர் யார், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த தோட்டங்கள் இருந்தன. விருந்து கொடுத்த வீட்டின் பெருமை ஆணுக்கு. மலையிலிருந்து இறங்கி வந்து ரொட்டி சுட்டுக் கட்டச் சம்பல் அரைத்தது பெண். பாடல்கள் காட்டும் ‘நாம்’ எல்லாரையும் சமமாக அணைத்துக்கொண்டது என்று சொல்வது பொய். அந்தக் குறையைப் பாட்டுக்குள்ளேயே கண்டவர்களும் உண்டு. எசப்பாட்டில் ஆணைக் கிண்டல் செய்யும் பெண்ணின் வாய்த் துடுக்கு அதற்குச் சாட்சி.

இன்றைய ஆபத்து வேறு விதமானது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளைப் புரட்டிப் போட்டது. இத்தகைய பேரிடர் வரும்போதெல்லாம் மலையக மக்களின் ஒற்றுமையையும் தாங்கும் சக்தியையும் புகழ்வது எளிது. புகழ்வதற்குப் பணம் செலவாகாது. கொடுக்கும் மனசு உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டியது குறைவு என்று ஆட்சியாளர் கணக்குப் போட அது வசதியாகிறது. அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது 2024இல்தான். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதன் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் கேட்டவற்றில் காணியும் வீடும் இருந்தன. லயத்து அறை நிற்பது அரசு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்ட நிலத்தில். அந்த அறையில் நடக்கும் விருந்தோம்பலை மேடையேறிப் பாராட்டும் அமைச்சர், அந்த அறை குடியிருப்பவர் பெயருக்கு எப்போது எழுதப்படும் என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும்.