காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குப் பூசாரி எதற்கு?

சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளுக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். சுவரெல்லாம் கனத்த செங்கல். இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் ரேழியில் ஆணி அடித்து ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். கூடத்தில் இரண்டு கோடு சிக்னல், கொல்லைப்புற அறையில் அதுவும் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்து மாடி வீட்டிலும் இதே கதைதான், அங்கே குறுக்கே நிற்பது கான்கிரீட் தளம். அண்ணாமலை நகர் பக்கம் ஒரே கனெக்‌ஷனை எட்டு பத்து மாணவர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் வாடகை வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் :)

கடையில் கேட்டால் ஆறு கொம்பு முளைத்த புது ரவுட்டரை எடுத்து நீட்டுவார்கள். கொம்பு கூடினால் சுவர் மெலிந்துவிடுமா என்ன? சிக்னலின் சக்திக்கு அரசு விதியிலேயே உச்சவரம்பு உண்டு, அது எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். வேண்டியது கூடத்து விட்டத்தில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட், ரேழியிலிருந்து அதற்கு ஒரு கேபிள். அவ்வளவே.

அந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட பெட்டிகளைத்தான் பெரிய அலுவலகங்கள் சில வருடங்களுக்கு ஒரு முறை கழித்துக் கட்டுகின்றன. சிஸ்கோ, அரூபா, ரக்கஸ் என்று பெயர் பெற்றவை. ஒரே நேரத்தில் பல பேர் தொங்கினாலும் தாங்கும். கரண்டுக்குத் தனி ஒயர் வேண்டாம், 100 மீட்டர் வரை அதே நெட்வொர்க் கேபிளிலேயே சுமார் 48 வோல்ட் போய்விடும். ஒரு பி.ஓ.இ இன்ஜெக்டர் இருந்தால் போதும். (15.4 வாட் இன்ஜெக்டர் எல்லா மாடலுக்கும் பத்தாது. சிலவற்றுக்கு 30 வாட் கேட்கும்.)

நல்ல பெட்டியை ஏன் கழிக்கிறார்கள்? பி.காம் படிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டரும் சுவிட்சும் கணினி வகையில் சேரலாம் என்று மும்பை வருமானவரித் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2010-ல் டேட்டாகிராஃப்ட் வழக்கில் சொன்னது. ஆக்சஸ் பாயிண்டும் அதே வகை என்று வைத்துக்கொண்டால், இப்போதைய 40 சதவீதத் தேய்மானத்தில் 30,000 ரூபாய் பெட்டி ஐந்து வருடத்தில் ஏட்டில் 2,333 ரூபாய்க்கு வந்து நிற்கும். தேய்ந்தது ஏடுதான், பெட்டி அல்ல.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ அதைச் சல்லிசாக வாங்கி வந்தாயிற்று. இங்கேதான் பூசாரி வருகிறார்!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சிஸ்கோவின் பழைய ஏர்நெட் பலவும் கன்ட்ரோலரைத் தேடிக்கொண்டே கிடக்கும். தனியாக இயங்கும் மென்பொருளை ஏற்றலாம் என்றால், அதை இறக்கிக்கொள்ள சர்வீஸ் ஒப்பந்தம் கேட்பார்கள். அரூபாவில் ஏபி-205, ஐஏபி-205 இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். 'ஐ' இருப்பது தானே இயங்கும், இல்லாதது கன்ட்ரோலர் இல்லாமல் அசையாது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 2012-ல் சிஸ்கோ வாங்கிய மெராக்கி. லைசென்ஸ் தீர்ந்து, 30 நாள் சலுகையும் கழிந்தால் நெட்வொர்க்கே நின்றுவிடும் என்பதுதான் அதன் பழகிய முறை. அதற்கும் மேலே, முதலில் வாங்கிய நிறுவனம் தன் கணக்கிலிருந்து அந்தப் பெட்டியை விடுவிக்காவிட்டால், அடுத்தவர் லைசென்ஸ் வாங்கினாலும் பிரயோஜனமில்லை. பெட்டி கெட்டுப்போகவில்லை, வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

வேறு வழியே கிடையாது என்று மட்டும் யாரும் கதை விட வேண்டாம். ரக்கஸின் அன்லீஷ்ட் மென்பொருளுக்குத் தனி கன்ட்ரோலர் தேவையில்லை. யூபிக்விட்டியின் யூனிஃபை கன்ட்ரோலரை வீட்டுக் கணினியில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், செட்டப் முடிந்தபின் அதை அணைத்துவிட்டாலும் வை-ஃபை ஓடும். சிஸ்கோவே 2800, 3800 வரிசைகளில் மொபிலிட்டி எக்ஸ்பிரஸ் என்று கன்ட்ரோலரைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. ஆக, முடியாததல்ல. மனமில்லை.

பழைய பெட்டியில் ஓட்டை இருக்கும், பாதுகாப்பில்லை என்பார்கள். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2017-ல் வெளிவந்த 'க்ராக்' ஓட்டை டபிள்யூபிஏ2-வையே ஆட்டிவிட்டது. அதற்குப் பிந்திய ஃபர்ம்வேர் கிடைக்காத பெட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது. ஆனால் இந்த வாதம் யார் பக்கம் சாய்கிறது? நாங்கள் இனிமேல் அடைக்க மாட்டோம் என்று கைகழுவிய பிறகாவது, அடைக்கத் தெரிந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டாமா? லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூல நிரல் 2003-ல் வெளியே வந்ததால்தான் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. மெராக்கியின் எம்ஆர்18-கூட இன்று அதில் ஓடும், பெட்டியைப் பிளந்து போராடத் தயார் என்றால்.

1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவு தேர்வுக்கு மனப்பாடம் செய்ததுதானே? வாங்கியவர் சரக்கை இடையூறில்லாமல் வைத்து அனுபவிக்கலாம் என்பது அதில் உள்ளுறை உறுதி. கம்பெனிக்காரர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: விற்றது இரும்பை, மென்பொருளுக்குத் தந்தது அனுமதி மட்டும். மாட்டை விற்றுவிட்டு மடியை வாடகைக்கு விடுகிற வியாபாரம்! 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு போட்டது. எடுத்துக்கொண்டவை விவசாயக் கருவி, செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். நெட்வொர்க் பெட்டிக்கு அங்கே இடமில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் தயாரிப்பாளர் தலையில் மறுசுழற்சிப் பொறுப்பை வைக்கின்றன, சரி. ஓடுகிற பெட்டியை உடைத்து உருக்குவதும் அதில் சாதனைக் கணக்கில்தான் சேரும்.

சட்டம் வரும்போது வரட்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் பழைய பெட்டிகளை ஏலம் விடும் கல்லூரிகளும் அலுவலகங்களும் அதுவரை ஒன்று செய்யலாம். விற்பதற்கு முன் தங்கள் கணக்கில் நுழைந்து பெட்டியை விடுவித்து, ரீசெட் செய்துவிட்டு விற்கட்டும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஏலம் விட்டால், அங்கே கிடைப்பது காயலான் கடை எடை விலைதான்.